படத்தைக் காக்கும் பொட்டுத் தங்கம்

கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. சுரங்கக் குடும்பங்களின் கறுப்பு-வெள்ளைப் படங்கள் மங்கி வருகின்றன. அவற்றைக் காக்கும் பழைய இருட்டறை வித்தையில் தங்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

கோலார் தங்கவயலில் 120 ஆண்டுகளில் வெட்டி எடுக்கப்பட்ட தங்கம் 800 டன்னுக்கும் மேல். வெள்ளைக்காரர் காலத்தில் அதில் பெரும்பகுதி கட்டிகளாகிக் கப்பலேறியது. 2001 பிப்ரவரி 28ம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது, பாறையைக் குடைந்தவர்களின் குடும்பங்களில் மிஞ்சிய தங்கம் சொற்பம். மிஞ்சியவை சுவரிலும் டிரங்குப் பெட்டியிலும் இருக்கும் புகைப்படங்கள். தலையில் தொப்பியும் கையில் விளக்குமாக நிற்கும் தாத்தா, ஸ்டுடியோவின் வரைந்த திரைக்கு முன்னால் விறைப்பாக உட்கார்ந்திருக்கும் புதுமணத் தம்பதி, மாதா கோயில் திருவிழா, புத்தர் சங்கக் கூட்டம், கால்பந்து அணி. தங்கவயலில் வாழ்ந்ததற்கு அவர்கள் கையில் இருக்கும் சாட்சி இவைதான்.

அந்தச் சாட்சி இப்போது பழுப்பேறிக்கொண்டிருக்கிறது. ஓரங்களில் மஞ்சள் படர்கிறது. கறுப்பாக இருந்த கோட்டு சாம்பல் நிறமாகிறது. சாய்த்துப் பார்த்தால் நிழல் பகுதிகளில் ரசம் பூசியது போல ஒரு பளபளப்பு. முகங்கள் ஒவ்வொன்றாக வெளிறிப் போகின்றன.

காரணம் எளிமையானது. கறுப்பு-வெள்ளைப் படத்தில் கறுப்பாகத் தெரிவது சாயம் அல்ல, வெள்ளி. ஜெலட்டின் படலத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெள்ளி இழைகள் சுருண்டு கிடக்கின்றன. அவை ஒளியை விழுங்குவதால் கறுப்பாகத் தெரிகின்றன. வெள்ளிக் கொலுசு கறுத்துப்போவதை எல்லா வீட்டிலும் பார்த்திருப்பார்கள். அதே வெள்ளிதான் படத்திலும் இருக்கிறது. காற்றில் உள்ள கந்தக வாயு, வண்டிப் புகை, புதுப் பெயின்ட்டின் ஆவி, ஈரம் எல்லாமே அதைத் தாக்கும். கொலுசில் வெள்ளி கனமாக இருப்பதால் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். படத்தில் இருப்பதோ மெல்லிய தூசுப் படலம். தேய்க்க வழியில்லை. ஸ்டுடியோக்காரர் அவசரத்தில் ஹைப்போவைச் சரியாகக் கழுவாமல் விட்டிருந்தால், படத்துக்குள்ளேயே கந்தகம் தங்கி அழிவை இன்னும் விரைவுபடுத்தும்.

இதற்கான மருந்தைப் புகைப்படக் கலை தன் குழந்தைப் பருவத்திலேயே கண்டுபிடித்துவிட்டது. அதன் பெயர் டோனிங். படத்திலுள்ள வெள்ளியை, எளிதில் பாதிக்கப்படாத வேறொரு பொருளாக மாற்றுவது அல்லது அதன்மேல் வேறொரு உலோகத்தைப் படியவைப்பது. படத்தின் நிறம் மாறுவதைத்தான் பலரும் கவனிக்கிறார்கள். ஆயுள் நீள்வதுதான் இதன் பெரிய பலன்.

1839ல் புகைப்படம் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே பிரெஞ்சு விஞ்ஞானி ஹிப்போலிட் ஃபிஸோ, வெள்ளித் தகட்டுப் படங்களைத் தங்கக் கரைசலில் நனைத்து உறுதிப்படுத்தும் முறையைச் சொன்னார். விரல் பட்டாலே அழிந்துவிடும் படம், தங்கம் படிந்ததும் நிலைத்தது. 1850ல் முட்டை வெள்ளைக்கரு பூசிய ஆல்புமென் காகிதம் வந்தது. தங்க டோனிங் இல்லாமல் அந்தக் காகிதப் படங்கள் அசிங்கமான செங்கல் நிறத்தில் இருக்கும். தங்கம் பட்டால் கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த அழகான நிறம் வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஸ்டுடியோக்களில் தங்கக் குளோரைடு புட்டி அன்றாடத் தேவையாக இருந்ததற்கு இதுவே காரணம். நூறாண்டு கடந்தும் தெளிவாக நிற்கும் பல பழைய படங்கள் அந்தத் தங்கத்துக்குக் கடன்பட்டவை.

பொட்டுத் தங்கம் என்றால் உண்மையிலேயே பொட்டுதான். கோடக் நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற தங்கக் கரைசல் குறிப்பின்படி, ஒரு லிட்டர் கரைசலுக்கு வேண்டியது ஒரு சதவீதத் தங்கக் குளோரைடு கரைசல் 10 மில்லி லிட்டர், சோடியம் தயோசயனேட் 10 கிராம். அதாவது தங்கக் குளோரைடு வெறும் 0.1 கிராம். அதன் எடையில் பாதிதான் தங்கம். ஒரு லிட்டரில் 8க்கு 10 அங்குல அளவுள்ள படங்கள் எட்டு வரை நனைக்கலாம். படம் ஒன்றுக்கு அதிகபட்சம் 6 மில்லிகிராம் தங்கம். கோலார் சுரங்கத்தின் கடைசி ஆண்டுகளில் ஒரு டன் பாறையில் கிடைத்தது சுமார் 3 கிராம். அந்தக் கணக்கில் ஒரு பெரிய படத்தைக் காக்க 2 கிலோ பாறை போதும். அஞ்சலட்டை அளவுப் படத்துக்கு அரை கிலோவுக்குச் சற்று அதிகம்.

சுரங்கத்து ரசாயனமும் இருட்டறை ரசாயனமும் நெருங்கிய உறவுக்காரர்கள். 1887ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மெக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் சயனைடு கொண்டு தங்கத்தைப் பிரித்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். கோலாரும் அந்த முறையை எடுத்துக்கொண்டது. பொடித்த பாறை மீது சயனைடு கரைசல் ஓடும். தங்கம் அதில் கரையும். பிறகு துத்தநாகத்தைச் சேர்த்தால் துத்தநாகம் கரைந்து தங்கம் வெளியே வந்து படியும். தங்க டோனிங்கிலும் இதே பண்டமாற்றுதான் நடக்கிறது. படத்திலுள்ள வெள்ளியில் கொஞ்சம் இடம்விட்டுப் போக, அந்த இடத்தில் தங்கம் வந்து உட்காருகிறது. சயனைடுகூடப் புகைப்படக்காரர்களுக்குப் புதிதல்ல. 1851ல் வந்த ஈரக் கொலோடியன் கண்ணாடி நெகட்டிவ்களில் வேண்டாத வெள்ளி உப்பைக் கரைக்கப் பலர் பொட்டாசியம் சயனைடைத்தான் பயன்படுத்தினார்கள். சிலர் அதனால் உயிரையும் விட்டார்கள்.

அந்தச் சயனைடு தங்கவயலை விட்டு இன்னும் போகவில்லை. தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண் 13 மேடுகளாக ஊரைச் சூழ்ந்து நிற்கிறது. மொத்தம் சுமார் 3.3 கோடி டன். ஊர்க்காரர்களுக்கு அது ‘சைனைட் மலை’. காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூசு வீடுகளுக்குள் வருகிறது. மேடுகளில் எஞ்சியிருக்கும் தங்கத்தை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மண்ணில் மிச்சமிருக்கும் தங்கத்துக்குக் கணக்கு இருக்கிறது. வீடுகளில் மிச்சமிருக்கும் படங்களுக்குக் கணக்கு இல்லை.

வீட்டில் இருட்டறை வைக்க நினைப்பவருக்குத் தங்கவயல் மோசமான இடமல்ல. கடல் மட்டத்துக்கு 800 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர். இருட்டறைக் குறிப்புகள் கேட்கும் 20 டிகிரி செல்சியஸ், சென்னையில் ஐஸ் கட்டி போட்டால்தான் கிடைக்கும். இங்கே பல இரவுகளில் தானாகவே கிடைக்கும். மின்சாரம் 1902லேயே வந்துவிட்டது. சிவசமுத்திரத்தில் காவிரியிலிருந்து எடுத்த மின்சாரத்தை 90 மைலுக்கு மேல் கம்பி வழியாகச் சுரங்கங்களுக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது பெங்களூருக்கே மின்விளக்கு கிடையாது. ஆனால் அந்த வெளிச்சம் முதலில் போனது இயந்திரங்களுக்கும் துரைமார் பங்களாக்களுக்கும்தான். பெரிய தொல்லை தண்ணீர். பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரியை நம்பி வளர்ந்த ஊர் இது. படத்தைக் கழுவுவதற்கோ நிறையத் தண்ணீர் வேண்டும்.

தண்ணீரை மிச்சப்படுத்த வழி இருக்கிறது. பழைய வகை நார்க் காகிதத்தை ஓடும் தண்ணீரில் ஒரு மணி நேரம் கழுவ வேண்டும் என்பது விதி. ஹைப்போவில் இருந்து எடுத்த படத்தைச் சற்று அலசி, லிட்டருக்கு 20 கிராம் சோடியம் சல்ஃபைட் கலந்த நீரில் 10 நிமிடம் போட்டு எடுத்தால் கழுவும் நேரம் பாதிக்கும் கீழே குறையும். தட்டில் தண்ணீரை நிரப்பி, ஊறவிட்டு, கொட்டி, மறுபடி நிரப்பும் முறையில் ஓடும் தண்ணீரே தேவையில்லை. பிளாஸ்டிக் பூசிய காகிதமாக இருந்தால் சில நிமிடங்களே போதும்.

டோனிங்கின் இன்னொரு வசதி பலருக்குத் தெரியாது. அதற்கு இருட்டே வேண்டாம். படம் ஹைப்போவில் நிலைப்படுத்தப்பட்டுக் கழுவப்பட்டுவிட்டால் பிறகு எல்லா வேலையையும் பகல் வெளிச்சத்தில் செய்யலாம். கொல்லைப்புறமோ மொட்டைமாடியோதான் அதற்கு ஏற்ற இடம்.

அதிகம் பேர் அறிந்தது செபியா. இரண்டு கட்ட வேலை. முதலில் பொட்டாசியம் ஃபெரிசயனைடும் பொட்டாசியம் புரோமைடும் கலந்த கரைசலில் படத்தைப் போட வேண்டும். சில நிமிடங்களில் படம் வெளுத்து, வைக்கோல் நிறத்தில் ஒரு தடம் மட்டும் நிற்கும். முதல்முறை செய்கிறவர் படம் போய்விட்டது என்று பதறுவார். போகவில்லை, வெள்ளி புரோமைடாக மாறியிருக்கிறது. மஞ்சள் கறை நீங்கும்வரை கழுவி, சோடியம் சல்ஃபைடு கரைசலில் போட்டால், ஒரு நிமிடத்துக்குள் படம் பழுப்பு நிறத்தில் திரும்பி வருகிறது. இப்போது அது வெள்ளி அல்ல, வெள்ளி சல்ஃபைடு.

இங்கே ஒரு வேடிக்கை. படத்தைக் கெடுப்பதும் கந்தகம், காப்பதும் கந்தகம். காற்றிலிருந்து வரும் கந்தகம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தாக்குவதால் படம் திட்டுத்திட்டாக மஞ்சளாகிறது. செபியாவில் வெள்ளி முழுவதும் ஒரே சீராகச் சல்ஃபைடாகிவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் கந்தகத்துக்கு வேலையில்லை.

சோடியம் சல்ஃபைடுக்கு அழுகிய முட்டை நாற்றம். அது வெறும் நாற்றமல்ல, நச்சு வாயு. மூடிய அறையில் இதைச் செய்யவே கூடாது. பயன்படுத்தாத போட்டோ காகிதம் பக்கத்தில் இருந்தால் அதுவும் கெட்டுவிடும். நாற்றமில்லாத தயோயூரியா முறையும் உண்டு. ஆனால் தயோயூரியா புற்றுநோய் சந்தேகப் பட்டியலில் இருப்பதால் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. ஃபெரிசயனைடு என்ற பெயரைக் கேட்டதும் தங்கவயலில் யாரும் திடுக்கிடுவார்கள். சுரங்கத்துச் சயனைடு போன்றதல்ல அது. இதில் சயனைடு இரும்போடு இறுகப் பிணைந்திருக்கிறது. ஆனால் கடும் அமிலம் பட்டால் அந்தப் பிணைப்பு அவிழ்ந்து விஷ வாயு வரலாம். அமிலப் புட்டியைப் பக்கத்திலேயே வைக்காமலிருப்பது புத்திசாலித்தனம். சமையல் பாத்திரங்களை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது; மிச்சக் கரைசலைக் கிணற்றோரத்தில் கொட்டவும் கூடாது. மண்ணில் ஏற்கனவே போதிய விஷம் இருக்கிற ஊர்.

மற்றொன்று செலினியம். நீர்த்த கரைசலில் சில நிமிடங்கள் போட்டால் கறுப்பு இன்னும் ஆழமாகும். சில காகிதங்களில் லேசான ஊதா வரும். படத்தின் தோற்றம் அதிகம் மாறாமல் காப்புக் கிடைக்கிறது என்று உலகெங்கும் இதை விரும்பினார்கள். அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரின் படக் காப்பு ஆய்வு நிறுவனம் 1980களின் கடைசியில் இந்த நம்பிக்கையைச் சோதித்தது. லேசாகச் செலினியம் தொட்ட படங்களுக்கு முழுக் காப்பு இல்லை என்றும், கந்தக முறைகளே அதிகம் நம்பத்தக்கவை என்றும் அது கண்டது. பாட்டி காலத்துச் செபியா ஜெயித்தது.

தங்கம் இவற்றில் விலை உயர்ந்தது. நல்ல கறுப்புப் படத்தைத் தங்கக் கரைசலில் 10 நிமிடம் வைத்தால் கறுப்பில் மெல்லிய நீலம் ஏறும். ஏற்கனவே செபியா ஆன படத்தைத் தங்கத்தில் போட்டால் பழுப்பு மாறி, காவிக்கல் போன்ற ஆரஞ்சுச் சிவப்பு வரும். 1960களில் ஆவண நுண்படச் சுருள்களில் சிவப்புப் புள்ளிகள் தோன்றி உலகின் ஆவணக் காப்பகங்கள் கலங்கியபோது, கோடக் ஆய்வாளர்கள் முதலில் நாடிய மருந்தும் தங்கம்தான்.

இந்த வித்தைக்குத் தமிழ்நாட்டோடு ஒரு நேரடிச் சம்பந்தம் உண்டு. 1960ல் அரசு நிறுவிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், ஊட்டியில் 1967ல் உற்பத்தி தொடங்கியது. அதன் ‘இந்து’ காகிதமும் ஃபிலிமும் நாடெங்கும் ஸ்டுடியோக்களுக்குப் போயின. கலர் வந்தது, பிறகு டிஜிட்டல் வந்தது. 1996ல் நலிவுற்ற நிறுவனமாக அறிவிக்கப்பட்ட ஆலை பின்னர் அடியோடு நின்றுபோனது. இப்போது கறுப்பு-வெள்ளைக் காகிதம் வேண்டுமென்றால் இங்கிலாந்தின் இல்ஃபோர்டு, செக் நாட்டின் ஃபோமா போன்ற இறக்குமதிச் சரக்கைத்தான் தேட வேண்டும். ஊட்டியில் வெள்ளி பூசிய ஆலையும் கோலாரில் தங்கம் தோண்டிய சுரங்கமும் அரசுத் துறையின் ஒரே காலக் கதையில் முடிந்துபோயின.

டோனிங் இன்று பொழுதுபோக்குப் புகைப்படக்காரர்களின் ஆசை மட்டும் அல்ல. தங்கவயலைப் பொறுத்தவரை இது யாருடைய முகம் நிலைக்கும் என்ற கேள்வி. 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகு வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இங்கே குடியேறின. பெரும்பாலோர் தலித்துகள், தமிழ் பேசியவர்கள். கம்பெனி அவர்களை எண்களாகப் பதிந்துகொண்டது. 1930ல் கைரேகை பதிய வேண்டும் என்றபோது தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். குற்றவாளிகளைப் போல நடத்தப்படுவதை அவர்கள் ஏற்கவில்லை. அதே மக்கள் தங்களைத் தாங்களே பதிவுசெய்யவும் தெரிந்தவர்கள். அயோத்திதாசரின் ‘தமிழன்’ இதழுக்கு இங்கே வலுவான வாசகர் கூட்டம் இருந்தது. அவர் மறைந்த பின் 1926 முதல் ஜி. அப்பாதுரையார் அந்த இதழைத் தங்கவயலிலிருந்தே நடத்தினார்.

புகைப்படமும் அந்தச் சுயமரியாதையின் பகுதி. கைரேகை கேட்டபோது மறுத்தவர்கள், ஸ்டுடியோவுக்குத் தாங்களாகவே காசு கொடுத்துப் போனார்கள். கடன் வாங்கியாவது கோட்டுப் போட்டு, குழந்தைக்குப் பொட்டிட்டு நின்றார்கள். சுரங்கம் நடத்திய ஆங்கிலேயரின் படங்கள் சீமையின் காப்பகங்களில் குளிரூட்டிய அறைகளில் பத்திரமாக இருக்கின்றன. தொழிலாளியின் படத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 3 கிலோமீட்டருக்கும் ஆழமாக இறங்கிய சாம்பியன் சுரங்கத்தில் பாறை வெடித்துச் செத்தவர்கள் பலருக்கு அந்த ஒற்றைப் படமே கல்லறை. 2001க்குப் பிறகு இளையவர்கள் விடியற்காலை ரயிலில் மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். பலர் அங்கேயே குடிபெயர்ந்துவிட்டார்கள். வீடு மாறும்போது முதலில் தொலைவது பழைய ஆல்பம்.

தமிழ்நாட்டில் இதே கவலையோடு ஒரு முயற்சி நடந்திருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தின் உதவியோடு, பழைய தமிழ் ஸ்டுடியோக்களின் படங்களையும் கண்ணாடி நெகட்டிவ்களையும் தேடி எண்ம வடிவில் பதிந்தது. தங்கவயலுக்கும் அதுபோன்ற ஒரு தேடல் தேவை.

அதுவரை குடும்பங்கள் என்ன செய்யலாம்? முதல் விதி, மூலப் படத்தை டோனிங் செய்யக் கூடாது. மங்கிய பழைய படத்தை வெளுப்புக் கரைசலில் போட்டால் திரும்பி வராமலே போகலாம். அதன் பழுப்பு செபியாவா, ஆல்புமென்னா, வெறும் சிதைவா என்பதைப் பார்வையால் மட்டும் சொல்வது கடினம். மூலத்தைத் தொடாமல், ஜன்னலோர வெளிச்சத்தில் கண்ணாடி பிரதிபலிக்காத கோணத்தில் கறுப்பு-வெள்ளை ஃபிலிமில் நகல் எடுக்க வேண்டும். அந்த நெகட்டிவிலிருந்து புதிய பிரிண்ட் போட வேண்டும். செபியாவில் அடர்த்தி சற்றுக் குறையும் என்பதால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அழுத்தமாகப் போடுவது நல்லது. நன்றாகக் கழுவி டோனிங் செய்வது அந்தப் புதிய பிரிண்டைத்தான். ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் வைப்பதும் அவசியம். ஆனால் செல்போன் தொலையும், ஹார்டு டிஸ்க் செத்துப்போகும். காகிதப் படத்தைப் பார்க்கக் கண் போதும்.

மூலப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, அமிலமில்லாத காகித உறையில், ஈரம் எட்டாத அலமாரியில் வைக்கலாம். சுவரில் நகலை மாட்டலாம். இதையெல்லாம்விட அவசரமான வேலை ஒன்றுக்கு எந்த ரசாயனமும் வேண்டாம். படத்தின் பின்பக்கம் மெல்லிய பென்சிலால் எழுத வேண்டும்: பெயர், எந்தச் சுரங்கம், எந்த லைன், எந்த வருஷம். தங்கம் முகத்தைக் காக்கும், பெயரைக் காக்காது. அந்தப் பெயர்களைச் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் தங்கவயலில் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள்.